‘சொல்லப்படுகிறது’ என்னும் வாகனம்: ஆங்கிலச் செய்திச் சொற்களும் ஹதீஸ்கலை அளவைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அன்று காலை ஆங்கில நாளிதழ் ஒன்றில் படித்த செய்தியை ஜும்ஆ உரையில் எடுத்துக் கூறினேன். வெளிநாட்டு நகரம் ஒன்றில் பழைமையான பள்ளிவாசல் ஒன்றை இடித்துவிட அரசு ஆணையிட்டுவிட்டது என்பது நான் சொன்ன செய்தி. கேட்டவர்கள் கலங்கினர், தொழுகைக்குப் பின் சிலர் என்னிடம் வந்து கண்ணீரோடு பேசினர். மறுவாரம் அதே இதழின் உள்பக்கத்தில் நான்கே வரியில் ஒரு திருத்தம் வெளிவந்தது: அத்தகைய ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. முதல் செய்தியைத் தேடியெடுத்து மீண்டும் படித்தேன். அதன் முதல் வாக்கியத்திலேயே ‘ரிப்போர்ட்டட்லி’ என்றொரு சொல் இருந்தது. இதழ் ஐயத்தோடு எழுதியதை நான் உறுதியாக்கி மிம்பரில் மொழிந்திருந்தேன்.

தவறில் ஒரு பாதி இதழுடையது, மறுபாதி என்னுடையது. ஹதீஸ் வகுப்பில் ‘கால’ (சொன்னார்) என்பதற்கும் ‘ருவிய’ (அறிவிக்கப்பட்டது) என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கிவருபவன் நான். வகுப்பறையில் அறிந்திருந்த அளவுகோலைச் செய்தித்தாளின் முன் நான் மறந்துவிட்டேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

இன்று உலகச் செய்திகளுட் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உருவாகி, தமிழுக்கும் அரபிக்கும் உருதுவுக்கும் பெயர்ந்து வருகின்றது. அச்செய்திகளோடு அவற்றின் சொற்களும் வருகின்றன. அச்சொற்கள் எங்கிருந்து பிறந்தன, எவ்வளவு எடை தாங்குவன, எதைக் காட்டுவன, எதை மறைப்பன என்று அறிந்து படிப்பது கற்றறிந்த முஸ்லிம் வாசகருக்கு இன்றியமையாதது. அதற்கான அளவைகள் நம் கையிலேயே உள்ளன என்பதைக் காட்டுவதே இங்கு நோக்கம்.

புதியது என்னும் பொருள்

ஆங்கிலத்தில் செய்தியைக் குறிக்கும் ‘நியூஸ்’ என்ற சொல், புதியது எனப் பொருள்படும் ‘நியூ’ என்பதன் பன்மை வடிவாகத் தோன்றியது. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து அச்சொல் உருவாயிற்று என்று பள்ளிகளில் சொல்லித்தரப்படுவதுண்டு. அது கேட்க இனிய கதை. ஆயினும் மொழிவரலாறு அதை ஏற்பதில்லை. செய்தியைக் குறிக்கும் சொல்லைப் பற்றிய செய்தியே ஆராயப்படாமல் பரவியிருப்பது எண்ணத்தக்கது.

அரபி மொழியில் ‘ஹதீஸ்’ என்ற சொல்லும் இதே பாதையில் நடப்பதைக் காண்கிறோம். ‘கதீம்’ (பழையது) என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘ஹதீஸ்’ புதியதைக் குறிக்கும். ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் செய்தியையும் அதுவே குறிக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் புதுமையையும் செய்தியையும் ஒரே சொல்லில் இணைத்திருக்கின்றன. மனிதனின் செவி புதியதை நாடுவது என்பதை இரண்டுமே உணர்ந்திருக்கின்றன.

ஆனால் அரபி அத்தோடு நிற்கவில்லை. ‘கபர்’ என்றும் ‘நபஃ’ என்றும் வேறு இரு சொற்களும் அதில் உண்டு. ‘கபர்’ பொதுச்சொல், மெய்யான செய்தியும் பொய்யான செய்தியும் அதில் அடங்கும். ‘நபஃ’ அவ்வாறன்று. பெரும் பயனுடையதாகவும், அறிவையோ வலுவான எண்ணத்தையோ தருவதாகவும் இருந்தாலன்றி ஒரு செய்தி அடிப்படையில் ‘நபஃ’ எனப்படாது என்று இமாம் ராகிப் அல்இஸ்பஹானி (ரஹ்) தமது ‘முஃப்ரதாத்’ நூலில் விளக்குகிறார். ‘நபி’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்தே பிறந்தது என்பர் மொழியறிஞருட் பலர்.

அல்குர்ஆனில் ‘நபஃ’ என்ற சொல் வரும் இரண்டு இடங்களை ஈண்டு நினைவுகூரலாம். ஒன்று, சூரா அந்நம்லில் ஹுத்ஹுத் பறவையின் நிகழ்ச்சி. ஸபஃ நாட்டிலிருந்து உறுதியான செய்தியோடு வந்திருப்பதாக அப்பறவை சுலைமான் நபி (அலை) அவர்களிடம் கூறுகிறது. தான் நேரில் கண்டதைச் சொல்கிறது, இடத்தைச் சொல்கிறது, ஆட்சி செய்பவர் ஒரு பெண் என்பதையும் அம்மக்கள் எதை வணங்குகின்றனர் என்பதையும் சொல்கிறது. இன்றைய இதழியல் மாணவருக்குக் கற்பிக்கப்படும் யார், எங்கே, என்ன என்னும் வினாக்களுக்கு அங்கே விடை இருக்கிறது. அப்படியிருந்தும் சுலைமான் நபி (அலை) அதை உடனே ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. சொன்னது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் எனக் கூறி, மடல் ஒன்றைக் கொடுத்தனுப்பிச் சரிபார்க்கிறார்கள்.

மற்றொன்று, சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்கும் பொருட்டு அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அவ்வசனம் பணிக்கிறது. பெரும்பாலான காரிகளின் ஓதலில் அக்கட்டளைச் சொல் ‘ஃபதபய்யனூ’ (தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்) என்றும், ஹம்ஸா, கிஸாயீ (ரஹ்) ஆகியோரின் ஓதலில் ‘ஃபதஸப்பதூ’ (உறுதிப்படும்வரை நிதானியுங்கள்) என்றும் அமைந்துள்ளது. இரண்டும் சேர்ந்தே முழுமையான வழிகாட்டலாகின்றன. ஒன்று தேடச் சொல்கிறது. மற்றொன்று காத்திருக்கச் சொல்கிறது. ‘பிரேக்கிங் நியூஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லையும், அதற்கு இணையாக அரபித் தொலைக்காட்சிகள் காட்டும் ‘கபர் ஆஜில்’ (அவசரச் செய்தி) என்ற சொல்லையும் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டாம் ஓதலை எண்ணிக்கொள்வது நலம்.

கிடங்கு, காசு, பேரீச்ச மட்டை

இதழியலின் பெயர்ச்சொற்கள் சுவையான வரலாறு உடையவை. ‘மேகஸின்’ என்ற ஆங்கிலச் சொல் நம்மவர்க்கு அயலானதன்று. பண்டகசாலை எனப் பொருள்படும் ‘மக்ஸன்’ என்ற அரபிச் சொல்லின் பன்மையான ‘மகாஸின்’ ஐரோப்பிய மொழிகளின் வழியே பயணம் செய்து ஆங்கிலத்தை அடைந்தது. முதலில் அது பொருட்கிடங்கையும் வெடிமருந்துக் கிடங்கையும் குறித்தது. துப்பாக்கியில் குண்டுகள் அடைக்கும் பெட்டிக்கு இன்றும் அதுவே பெயர். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பார் ‘தி ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ என்னும் இதழைத் தொடங்கியபோது, பல்வகைக் கட்டுரைகளின் கிடங்கு என்ற பொருளில் அச்சொல்லைக் கையாண்டார். அதன்பின் பருவ இதழ்களுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. கிடங்கில் தானியமும் இருக்கலாம், வெடிமருந்தும் இருக்கலாம் என்பதைச் சொல்லின் வரலாறே உணர்த்துகிறது.

‘கெஸட்’ என்ற சொல், வெனிஸ் நகரில் செய்தித்தாளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட சிறு காசின் பெயரிலிருந்து வந்தது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ‘ஜர்னல்’ என்பது நாள் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ‘ரிப்போர்ட்டர்’ என்பது, திரும்பக் கொண்டுவருபவர் என்ற இலத்தீன் வேரினின்று பிறந்தது. ‘டெட்லைன்’ என்ற சொல் 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிறைமுகாம்களில் வழங்கியது. கைதி தாண்டினால் சுடப்படுவான் என்று வரையப்பட்ட கோட்டுக்கு அப்பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது செய்தி அலுவலகத்துக்குள் புகுந்து, எழுதி முடிக்க வேண்டிய கடைசி நேரத்தைக் குறிக்கலாயிற்று. அவசரம் எத்தகைய நெருக்கடியாக உணரப்பட்டது என்பதற்கு இச்சொல்லே சான்று.

அரபியில் நாளிதழுக்கு வழங்கும் ‘ஜரீதா’ என்பது இலை உரிக்கப்பட்ட பேரீச்ச மட்டையைக் குறிக்கும் பழஞ்சொல். 1861இல் இஸ்தான்புலில் ‘அல்ஜவாயிப்’ இதழைத் தொடங்கிய அஹ்மத் ஃபாரிஸ் அஷ்ஷித்யாக்கே நாளிதழைக் குறிக்க இச்சொல்லை வழக்கிற் கொணர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அல்குர்ஆனைத் திரட்டியபோது, பேரீச்ச மட்டைகளிலிருந்தும் கல் தகடுகளிலிருந்தும் மனிதர்களின் உள்ளங்களிலிருந்தும் தேடித் திரட்டிய செய்தியை நாம் அறிவோம். எவ்வளவு பெரும் அமானிதத்தைச் சுமந்த பொருளின் பெயர் இன்று நாளிதழுக்கு இடப்பட்டிருக்கிறது! தமிழில் ‘ஏடு’ என்றும் ‘இதழ்’ என்றும் நாம் சொல்வதும் ஓலையையும் மலரையும் நினைவூட்டுவதே.

செய்திக்கு ஆதாரமானவரை ஆங்கிலம் ‘சோர்ஸ்’ (ஊற்று) என்கிறது. அரபி இதழியல் அதனை ‘மஸ்தர்’ என்கிறது. ஸர்ஃப் பாடத்தில் எல்லா வினைவடிவங்களுக்கும் மூலமாக நாம் படிக்கும் அதே ‘மஸ்தர்’தான். மூலம் தெரியாத சொல்லை இலக்கணி ஐயுறுவதுபோல், மூலம் தெரியாத செய்தியை வாசகர் ஐயுற வேண்டும்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இத்துறை புதிதன்று. 1882இல் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ நடத்தினார். உலகச் செய்திகளைத் தமிழில் சொல்லும் பொறுப்பை நம் முன்னோர் அன்றே ஏற்றிருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

உறுதிச் சொல்லும் நோய்ச் சொல்லும்

இனிக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஒரு செய்தி எவ்வளவு உறுதியானது என்பதை ஆங்கில இதழ்கள் சில சிறு சொற்களால் உணர்த்துகின்றன. ‘செட்’ (சொன்னார்) என்பது நடுநிலைச் சொல். ‘கன்ஃபர்ம்ட்’ (உறுதிப்படுத்தினார்) என்பது செய்திக்கு வலுவூட்டும். ‘கிளெய்ம்ட்’ (என்று கூறிக்கொண்டார்) என்பதில் ஐயத்தின் நிழல் விழுகிறது. ‘அட்மிட்டட்’ (ஒப்புக்கொண்டார்) என்ற சொல், சொன்னவர் ஏதோ குற்றம் செய்துவிட்டார் என்று முன்கூட்டியே கருதவைக்கிறது. ‘அலெஜ்ட்லி’ என்பது குற்றச்சாட்டு மட்டுமே உள்ளது, நிறுவப்படவில்லை எனக் காட்டுவது. ‘ரிப்போர்ட்டட்லி’ என்பது, பிறர் சொல்லக் கேட்டது, நாங்கள் சரிபார்க்கவில்லை என்பதன் சுருக்கம்.

ஹதீஸ்கலையில் இதற்கு நிகரான பகுப்பு நூற்றாண்டுகளுக்கு முன்பே செம்மையாக வகுக்கப்பட்டது. ‘கால’ (சொன்னார்கள்), ‘ஃபஅல’ (செய்தார்கள்), ‘அமர’ (ஏவினார்கள்) போன்றவை ‘ஸீகதுல் ஜஸ்ம்’, அதாவது உறுதிச் சொல்வடிவங்கள். ‘ருவிய’ (அறிவிக்கப்பட்டது), ‘துகிர’ (குறிப்பிடப்பட்டது), ‘கீல’ (சொல்லப்பட்டது) போன்ற செயப்பாட்டு வடிவங்கள் ‘ஸீகதுத் தம்ரீள்’. ‘மரள்’ (நோய்) என்ற வேரிலிருந்து பிறந்த பெயர் இது. செய்தி நலமாக இல்லை, நோயுற்றிருக்கக்கூடும் என்று கேட்பவரை எச்சரிக்கும் சொல்வடிவம் என்பது கருத்து. இமாம் புகாரி (ரஹ்) தமது ஸஹீஹில் ஸனத் இன்றித் தரும் ‘முஅல்லக்’ செய்திகளை ஆராயும்போது, எதை உறுதிச் சொல்லால் சொன்னார்கள், எதை நோய்ச் சொல்லால் சொன்னார்கள் என்று அறிஞர்கள் நுணுகிப் பார்ப்பது இதனாலேயே.

இமாம் நவவி (ரஹ்) ‘அல்மஜ்மூஃ’ நூலின் முன்னுரையில் இதுபற்றி இருபுறமும் எச்சரிக்கிறார்கள். பலவீனமான செய்தியை உறுதிச் சொல்லால் உரைப்பது தவறு. அதுபோன்றே ஆதாரப்பூர்வமான செய்தியை நோய்ச் சொல்லால் உரைப்பதும் தவறு. நூலாசிரியர்களுட் பலர் இதில் கவனமின்றி இருக்கின்றனர் என்று அவர்கள் வருந்துவதும் உண்டு.

இந்த இரண்டாவது எச்சரிக்கை இக்காலத்துக்கு மிகவும் பொருந்தும். ஐயச்சொல் எப்போதும் நேர்மையின் அடையாளம் அன்று. ஒரு தரப்பார் கொல்லப்பட்டால் ‘கொன்றனர்’ என்று செய்வினையிலும், மறுதரப்பார் கொல்லப்பட்டால் ‘இறந்ததாகக் கூறப்படுகிறது’ என்று செயப்பாட்டு வினையிலும் எழுதினால், அங்கே ஐயச்சொல் நீதியைச் சாய்க்கும் கருவியாகிவிடுகிறது. ஆகவே வாசகர் கேட்க வேண்டியது, ஐயச்சொல் இருக்கிறதா என்பது மட்டுமன்று. யாருக்கு அது இடப்படுகிறது, யாருக்கு விடப்படுகிறது என்பதும் ஆகும்.

மக்கள் ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்று சொல்லிச் செய்தியைக் கடத்துவதைப் பற்றி ஒரு நபிமொழி அறிவிக்கப்படுகிறது. ‘ஸஅமூ’ (அவர்கள் கூறிக்கொண்டனர்) என்ற சொல் மனிதனுக்கு மிக மோசமான வாகனம் என்பது அதன் கருத்து. அபூதாவூதில் இடம்பெறும் இச்செய்தியின் தொடரில் துண்டிப்பு இருப்பதாக அறிஞருட் சிலர் குறிப்பிட்டுள்ளனர். ஆதலின் ‘அறிவிக்கப்படுகிறது’ என்றே நானும் எழுதினேன். ஊர் பேர் தெரியாத பேச்சின் மீது ஏறி மனிதன் எங்கும் சென்றுவிடுகிறான் என்ற உவமையின் மெய்ம்மையை நாள்தோறும் காண்கிறோம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்துடைய செய்தியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்திருப்பதும் காரணத்தோடுதான்.

பெயரில்லாத மூலம்

ஆங்கில இதழியலில் செய்தி தருபவரோடு செய்துகொள்ளும் உடன்பாடுகளுக்குத் தனிச் சொற்கள் உள்ளன. ‘ஆன் தி ரெக்கார்ட்’ என்றால் பெயரோடு வெளியிடலாம். ‘பேக்ரவுண்ட்’ என்றால் செய்தியை வெளியிடலாம். பெயரின்றி, பேசி முடிவு செய்த அடையாளத்தோடு மட்டும் சுட்டலாம். ‘டீப் பேக்ரவுண்ட்’ என்றால் எவ்வகை அடையாளமும் கூடாது. ‘ஆஃப் தி ரெக்கார்ட்’ என்றால் வெளியிடவே கூடாது. ‘பெயர் கூற விரும்பாத உயர் அதிகாரி ஒருவர்’ என்று நம் நாளிதழ்களில் காணும் தொடர் இந்த உடன்பாடுகளின் விளைவே.

இத்தகைய மூலத்தை ஹதீஸ்கலை ‘முப்ஹம்’ என்று அழைக்கிறது. ஓர் அறிவிப்பாளர், “நம்பகமானவர் ஒருவர் எனக்கு அறிவித்தார்” என்று மட்டும் சொன்னால் போதுமா என்பது நம் அறிஞர்கள் ஆழ்ந்து விவாதித்த வினா. கதீபுல் பக்தாதி, இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) போன்றோர் போதாது என்றனர். அவர்கள் கூறிய காரணம் எளியது: சொல்பவர் பார்வையில் நம்பகமானவராக இருப்பவர் மற்றவர் அறிந்த ஒரு குறையால் நம்பகமற்றவராக இருக்கக்கூடும். பெயரைச் சொன்னால்தான் ஆராய முடியும்.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2003இல் ஈராக்கின் மீது படையெடுப்பு நடப்பதற்கு முன், அங்கே பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் பெயரில்லா மூலங்களைச் சான்றாக்கி எழுதப்பட்ட செய்திகள் உலகெங்கும் பரவின. அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் பின்னர்க் கண்டுபிடிக்கப்படவில்லை. 2004 மே 26 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ் வாசகர்களுக்கு ஆசிரியர் குறிப்பொன்றை வெளியிட்டது. தன் செய்திகள் சில இருக்க வேண்டிய அளவு கண்டிப்போடு ஆராயப்படவில்லை என்றும், ஈராக்கில் ஆட்சி மாற்றத்தை நாடிய புலம்பெயர்ந்தோரையும் தப்பிவந்தோரையும் அச்செய்திகள் சார்ந்திருந்தன என்றும் அது ஒப்புக்கொண்டது. தன் கொள்கையைப் பரப்புவோன் அக்கொள்கைக்கு வலுச்சேர்க்கும் செய்தியை அறிவித்தால் ஏற்கலாகாது என்று ஹதீஸ் அறிஞருட் பலர் வகுத்த விதி ஈண்டு நினைவுக்கு வருகிறது. அவ்விதியைச் செய்தி அலுவலகங்கள் கைக்கொண்டிருந்தால் அச்செய்திகளுட் சில அச்சேறியிரா.

‘டேட்லைன்’ என்பது செய்தியின் தலைப்பில் வரும் ஊர்ப்பெயர். செய்தியாளர் அவ்வூரில் இருந்து எழுதினார் என்பதற்கு அது உறுதிமொழி. 2003 மே மாதத்தில் அதே இதழின் செய்தியாளர் ஒருவர், தாம் செல்லாத ஊர்களின் பெயரை இட்டு நியூயார்க்கில் இருந்தபடியே எழுதியது வெளிப்பட்டது; பிறர் எழுதியதையும் அவர் எடுத்தாண்டிருந்தார். அவ்விதழே தன் முதற்பக்கத்தில் அதை விரிவாக வெளியிட்டது. நேரில் கேளாததை நேரில் கேட்டதுபோல் தோன்றச் சொல்வதை ஹதீஸ்கலை ‘தத்லீஸ்’ என்கிறது. ‘ஹத்தஸனா’ (எங்களுக்கு நேரில் சொன்னார்) என்பதற்கும், ‘அன்’ (அவர் வழியாக) என்ற மங்கலான சொல்லுக்கும் இடையே முஹத்திஸ்கள் கோடு கிழித்தது இதற்காகவே. ‘தத்லீஸ்’ செய்பவர் ‘அன்’ என்று சொன்னால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். கேளாததை ‘ஹத்தஸனா’ என்று துணிந்து சொன்னாலோ அது வெறும் தத்லீஸ் அன்று, பொய்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஹதீஸ் மார்க்கத்தின் ஆதாரம். செய்தியோ அன்றாட வாழ்வின் தேவை. பெயரை வெளியிட்டால் உயிருக்கோ பிழைப்புக்கோ ஆபத்து நேரும் நிலையில் உண்மையைச் சொல்ல வருவோரும் உளர். 1970களில் அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவி விலகலுக்கு இட்டுச்சென்ற வாட்டர்கேட் செய்திகளுக்கு உதவிய மறைமுக மூலம், புலனாய்வுத் துறையின் உயர் அதிகாரி மார்க் ஃபெல்ட் என்பது 2005இல்தான் வெளிப்பட்டது. அவர் பெயரை அன்றே கேட்டிருந்தால் உண்மை வெளிவருவது அரிதாகியிருக்கும். ஆனால் அங்கே செய்தியாளர்கள் அவர் ஒருவரின் சொல்லோடு நின்றுவிடவில்லை. ஆவணங்களாலும் வேறு மூலங்களாலும் வலுப்படுத்தினர். பலவீனமான தொடருக்கு வேறு வழிகளில் துணை தேடும் ‘முதாபஆத்’, ‘ஷவாஹித்’ என்னும் முறைகளை இது ஒத்திருக்கிறது. ஆகவே பெயரில்லா மூலம் முற்றாகத் தள்ளத்தக்கது அன்று. தனித்து நிற்கும்போது தாங்காது என்பதே தீர்ப்பு.

சொல்லே தீர்ப்பாகும்போது

செய்திச் சொற்களுள் சில, ஐயத்தையும் உறுதியையும் கடந்து, தாமே தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. ‘ஃபண்டமென்டலிஸ்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ‘தி ஃபண்டமென்டல்ஸ்’ என்னும் கிறிஸ்தவக் கட்டுரைத் தொகுதிகளை ஒட்டி, 1920இல் பாப்டிஸ்ட் இதழாசிரியர் ஒருவர் உருவாக்கிய சொல் அது. அவர் அதைப் பெருமைக்குரிய பெயராகவே தம் அணியினர்க்குச் சூட்டினார். பின்னர் அது முஸ்லிம்கள் மீது சுமத்தப்பட்டது. அரபி இதழ்கள் அதை ‘உஸூலீ’ என்று மொழிபெயர்த்தன. நம் மரபில் ‘உஸூலீ’ என்றால் உஸூலுல் ஃபிக்ஹில் புலமைபெற்ற அறிஞர்! இமாம் ஷாஃபிஈ, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர்க்கு உரிய சிறப்புப் பெயர் ஒரு மொழிபெயர்ப்பால் வசையாயிற்று. தமிழில் ‘அடிப்படைவாதி’ என்று அதுவே வந்து சேர்ந்தது. ஒரு குழுவினர் தம்மைத்தாமே அவ்வாறு அழைத்துக்கொண்டாலன்றிப் பொதுவாக அச்சொல்லைத் தவிர்க்குமாறு அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடே அறிவுறுத்துகிறது.

‘மத்ரஸா’ என்பதற்கு அரபியில் பள்ளிக்கூடம் என்பதற்கு மேல் பொருள் இல்லை. கணக்கும் அறிவியலும் கற்பிக்கும் அரசுப் பள்ளியும் அரபு நாட்டில் ‘மத்ரஸா’தான். ஆங்கிலச் செய்திகளிலோ, 2001க்குப் பின் அச்சொல் அச்சத்தை ஊட்டும் அடைமொழியாக மாறியது. 2007 ஜனவரியில், அன்று செனட்டராக இருந்த பராக் ஒபாமா சிறுவயதில் இந்தோனேசியாவில் ‘மத்ரஸா’ ஒன்றில் படித்தார் என்று அமெரிக்க இதழ் ஒன்று பெயரில்லா மூலங்களைக் கொண்டு எழுதியது. ஒரு தொலைக்காட்சியும் அதைப் பரப்பியது. சிஎன்என் நிறுவனம் தன் செய்தியாளரை ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. அவர் நேரில் சென்று கண்டது, பல சமயத்துப் பிள்ளைகளும் பயிலும் சாதாரண அரசுத் தொடக்கப்பள்ளி. அச்செய்தி பொய் என நிறுவப்பட்டதில் மகிழலாம். ஆனால், ‘மத்ரஸாவில் படித்திருந்தால்தான் என்ன?’ என்ற வினாவை அன்று கேட்டோர் அரியர். பொய்யை மறுத்த செய்தியும், சொல்லின் மீது படிந்த கறையை அப்படியே விட்டுச்சென்றது. வாழ்நாளின் பெரும்பகுதியை மத்ரஸாவின் சுவர்களுக்குள் கழித்த என் போன்றோர்க்கு அது சிறு செய்தியன்று.

சொற்கள் திருத்தப்படுவதும் உண்டு. 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் தன் கையேட்டில் ‘இஸ்லாமிஸ்ட்’ என்ற சொல்லின் விளக்கத்தை மாற்றியது. போராளி, தீவிரப்போக்குடையோர் என்பவற்றுக்கு மாற்றுச்சொல்லாக அதைக் கையாளக் கூடாது என்று வரையறுத்தது. முஸ்லிம் அமைப்புகள் ஆங்கிலத்தில், ஆதாரத்தோடு, நிதானமாக எடுத்துரைத்ததும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். கோபத்தால் ஆகாதது சொல்லாராய்ச்சியால் ஆயிற்று என்பது நம் இளைஞர்கள் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் இச்சொற்பிழையின் விலை இன்னும் கடுமையானது. ‘சஸ்பெக்ட்’ (ஐயத்திற்குரியவர்), ‘அக்யூஸ்ட்’ (குற்றஞ்சாட்டப்பட்டவர்), ‘கன்விக்ட்’ (தண்டிக்கப்பட்டவர்) என்ற மூன்றும் சட்டத்தில் மூன்று வெவ்வேறு நிலைகள். தலைப்பு எழுதும் அவசரத்தில் மூன்றும் ‘பயங்கரவாதி’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகின்றன. 2002 செப்டம்பரில் காந்திநகர் அக்ஷர்தாம் கோவிலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட கொடுந்தாக்குதல் நடந்தது. அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு முஸ்லிம்களையும் 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களுள் மூவர் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்தவர்களும் இருந்தனர். கைதின்போது ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதுவோர், நீதிமன்றத்துக்கு முன்னரே தாம் தீர்ப்பெழுதுகின்றனர். விடுதலைச் செய்தி அவர்களின் பிள்ளைகள் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவதில்லை. ‘அலெஜ்ட்லி’ என்ற சிறு சொல்லின் எடை அத்தகையது.

நாம் செய்ய வேண்டியது

இதுவரை பிறரின் சொற்களைச் சோதித்தோம். நம்மையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். அல்ஹுஜுராத் வசனம் செய்தி சொல்பவனை நோக்கி இறங்கவில்லை. கேட்கும் நம்பிக்கையாளர்களை நோக்கியே இறங்கியது. நம்மவரைப் பற்றிய பொய்ச்செய்தியைக் கண்டு கொதிக்கும் நாம், பிறரைப் பற்றிய பொய்ச்செய்தியையும், நமக்கு இனிக்கும் பொய்ச்செய்தியையும் கைப்பேசியில் எத்தனை முறை கடத்தியிருப்போம்? 2018இல் இந்தியாவில் வதந்திகளால் கும்பல் கொலைகள் நிகழ்ந்ததை அடுத்து, வாட்ஸ்அப் நிறுவனம் பிறரிடமிருந்து வந்து கடத்தப்படும் செய்திகளுக்கு அடையாளக் குறியிடத் தொடங்கியது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறும் வரம்பிட்டது. அக்குறியை நாம் எவ்வாறு படிக்க வேண்டும்? ‘இதற்கு ஸனத் இல்லை’ என்றே படிக்க வேண்டும்.

ஒரு செய்தியை ஏற்கும் முன் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். சொன்னவர் யார், பெயருண்டா? அவர் நேரில் கண்டவரா, கேட்டவரா? இதில் அவருக்குச் சாய்வு உண்டா? வேறு வழியில் இதே செய்தி உறுதிப்படுகிறதா? மூலத்தில் இருந்த ஐயச்சொல் மொழிபெயர்ப்பில் இருக்கிறதா? இவை ஐந்தும் ராவியின் நேர்மை, தொடரின் இணைப்பு, குறைகளின்மை, துணைச்சான்று, சொல்வடிவம் என நாம் ஹதீஸ் பாடத்தில் படித்தவையே.

மொழிபெயர்ப்போர்க்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. ‘அலெஜ்ட்லி’ என்பதைக் ‘குற்றஞ்சாட்டப்படுகிறது’ என்றும், ‘ரிப்போர்ட்டட்லி’ என்பதைச் ‘செய்தி கூறுகிறது, உறுதிப்படவில்லை’ என்றும், ‘கிளெய்ம்ட்’ என்பதைக் ‘கூறிக்கொண்டார்’ என்றும் தமிழில் சொல்ல இயலும். சொல் நீளும் என்று அஞ்சி விட்டுவிடலாகாது. அரபுக் கல்லூரிகளில் ‘முஸ்தலஹுல் ஹதீஸ்’ கற்பிக்கும்போது வாரத்தில் ஒருநாள் ஒரு செய்தித்தாளையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லலாம். கடந்த சில ஆண்டுகளாக நான் அவ்வாறு செய்துவருகிறேன். ஒரு செய்தியைப் பலகையில் எழுதி அதன் ஸனதைக் கண்டுபிடிக்கச் சொன்னால், தூங்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருகிறான்.

மறுவாரம் நான் அதே மிம்பரில் நின்று, சென்ற வாரம் நான் சொன்ன செய்தி உறுதியானதன்று, மூலத்தில் இருந்த ஐயத்தை நான் விட்டுவிட்டேன் என்று கூறினேன். அவ்வாறு கூறுவது எளிதாக இருக்கவில்லை. தொழுகைக்குப் பின் முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “ஹஸ்ரத், போன வாரம் சொன்னதை என் மகனுக்கு வெளிநாட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், இன்று இதையும் சொல்லிவிடுகிறேன்” என்றார். அவர் சொல்லியிருப்பார். முதல் செய்தியை அவர் மகன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், அவர்களுள் எத்தனை பேரைத் திருத்தம் சென்றடைந்திருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் நாளில் நம் நாவு சுமந்த செய்திகள் நமக்கு எதிராக நில்லாதிருக்க அல்லாஹ் அருள்வானாக!